உப்புப் பார்க்காத சமையல்

எங்கள் வீட்டுப் பண்டிகைச் சமையலில் எத்தனையோ மாறிவிட்டது. மடிப்புடவை போய், குளித்துவிட்டுக் கட்டிக்கொள்ளும் சாதாரணப் பருத்திப் புடவை வந்தது. விறகடுப்பு போய் கேஸ், ஆட்டுக்கல் போய் கிரைண்டர். வெண்கலப் பானை பரணில் ஏறிப் பல காலமாகிறது. ஒரு சட்டம் மட்டும் தளரவில்லை. நைவேத்யம் ஆகும்வரை அடுப்படியில் யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கும் பழக்கம், சமைக்கிறவளுக்குக்கூட அன்று கிடையாது.

இது பிராமண வீட்டு ஆசாரம் என்று சிலர் நினைக்கிறார்கள். வாசலில் பொங்கல் வைத்துச் சூரியனுக்குப் படைக்கும் எந்த வீட்டிலாவது படைப்பதற்கு முன் ஒரு வாய் கேட்டுப் பாருங்கள், தெரியும். ஆடிக் கூழும் அப்படித்தான், முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பதும் அப்படித்தான்.

சமையல் பழகுகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். அன்றாடச் சமையல் முழுக்க நாக்கை நம்பித்தான் ஓடுகிறது. பண்டிகையன்று அதைக் கட்டிப்போட்டுவிட்டு, வருஷத்திலேயே படுத்தி எடுக்கும் பட்சணங்களைச் செய் என்றால் எப்படி? கொழுக்கட்டை, சீடை, அதிரசம் மூன்றுமே சாதாரண நாளில்கூடக் காலை வாரிவிடுகிறவை.

ஆனால் செய்து பார்த்தால்தான் தெரிகிறது, இவை எதற்குமே நாக்கு அவ்வளவாகத் தேவையில்லை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, அரைத்துச் சலித்த மாவு. நன்றாகக் காய்ந்த மாவானால் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு தண்ணீர். அரிசி பழசென்றால் இன்னும் கொஞ்சம் கேட்கும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கையில் துளி உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டு, மாவைத் தூவி, கரண்டிக் காம்பால் கிளறி இறக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைத்து, ஒவ்வொரு உருண்டையாக எடுத்துச் சொப்புச் செய்ய வேண்டும். விளிம்பு விண்டால் தண்ணீர் போதவில்லை. விரலில் அப்பிக்கொண்டால் அதிகம். சொப்பின் ஓரம் பூவிதழ் போல மெலிந்தும் கிழியாமல் நிற்கிறதா, அதுதான் பதம். இதை எந்த நாக்கு சொல்லும்? தேங்காய்ப் பூரணமும் கண்ணால் பார்த்துச் செய்வதுதான். வெல்லம் கரைந்து இளகும். பிறகு மெல்லச் சேர்ந்து, வாணலியை விட்டுச் சுருண்டு வரும். அந்த நேரத்தில் இறக்காமல் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனால், பூரணம் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும். ஆவியில் வைத்த கொழுக்கட்டை வெந்ததா என்று ஈர விரலால் தொட்டால் போதும். ஒட்டாமல் பளபளப்பாக இருந்தால் எடுத்துவிடலாம்.

கோகுலாஷ்டமிச் சீடைக்குக் காது வேண்டும். எண்ணெயில் போட்டதும் சலசலவென்று இரையும். ஈரம் போகப் போகச் சத்தம் அடங்கும். அடங்கினால் வெந்தது. உருட்டும்போது வழவழப்பாக இறுக்கி உருட்டினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். ஆகவே சும்மா ஒப்புக்கு உருட்டி, துணியில் கொஞ்ச நேரம் உலர விட வேண்டும். அதிரசப் பாகை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். காரடையான் நோன்பில் கஷ்டம் வேறு. மாசியும் பங்குனியும் கூடும் வேளைக்கு அடை வெந்திருக்க வேண்டும். அது விடியற்காலை மூன்று மணியாகவும் வந்து தொலைக்கும்.

உப்பு ஒன்றுதான் உண்மையான சோதனை. உளுந்துப் பூரணத்திலும் நவராத்திரிச் சுண்டலிலும் உப்புத் தப்பினால் மறைக்க முடியாது. என் மாமியார் மூன்று விரலால் அள்ளிப் போடுவார், தப்பியதே இல்லை. என் மருமகள் எந்தப் பருப்பு ஆழாக்குக்கு எத்தனை ஸ்பூன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதைக் கேலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நாக்கு இல்லாத சமையலுக்கு அளவைவிட உண்மையான துணை வேறென்ன? கொதிக்கிற வாசனையிலேயே உப்பு தெரியும் என்று சொல்லும் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சில வீடுகளில் அந்த வாசனை பிடிப்பதும் கூடாது, சுவாமிக்குச் சாத்தும் பூவை முகரக் கூடாது என்பதுபோல.

ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டால் எச்சில் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. சுத்தம்தான் காரணம் என்றால் தனிக் கரண்டியில் எடுத்து, தள்ளி நின்று ருசி பார்த்துவிட்டுக் கை கழுவி வரலாமே. அதற்கும் அனுமதி இல்லை. மற்ற நாளில் நான் யாருக்காகச் சமைத்தாலும், முதலில் சாப்பிடுகிறவள் நான்தான். என் நாக்குக்குப் பிடித்த புளிப்பு, என் நாக்குக்குப் பிடித்த காரம். அதைத்தான் வீடு முழுக்கச் சாப்பிடுகிறது. பண்டிகையன்று அந்த அதிகாரம் என் கையை விட்டுப் போகிறது. நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாத ஒருவருக்காக, நானும் சரி பார்க்க முடியாத ஒன்றைச் செய்து வைக்கிறேன். பூஜை அறையில் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே, எனக்கு வழிபாடு அடுப்படியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

நைவேத்ய மந்திரத்தைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். நீரைச் சுற்றிவிட்டு, பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று ஐந்து வாயுக்களுக்கும் சமர்ப்பிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் இலையில் உட்கார்ந்ததும் பரிசேஷணம் செய்து சொல்வதும் இதே ஐந்துதான். சுவாமிக்கு ஊட்டுவதும் நாம் உண்பதும் ஒரே முறை. வரிசையில் முன்னால் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வருஷம், சீடை வாசனையில் தவித்துக்கொண்டிருந்த பேத்தி கேட்டாள்: “கண்ணப்பர் மட்டும் கடிச்சுப் பாத்துட்டுக் குடுத்தாரே பாட்டி, அதை சாமி சாப்பிடலையா?”

நல்ல கேள்வி. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகவே சொல்கிறார். காளத்தி மலையில் திண்ணன், அதுதான் கண்ணப்பரின் முதல் பெயர், பன்றி இறைச்சியை வாயில் அதுக்கிப் பார்த்து, பதமானதைத்தான் படைத்தான். ஆகம முறைப்படி பூஜை செய்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறி, எல்லாவற்றையும் அலம்பிவிட்டுத் தம் பூஜையைச் செய்தார். சுவாமி சிவகோசரியாரை விரட்டிவிடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த அன்பு எப்படிப்பட்டது என்பதை மறைந்திருந்து பார் என்று கனவில் சொல்லிக் காட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். திண்ணன் ருசி பார்த்தது சுவாமிக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள. நான் ருசி பார்த்தால் எனக்குப் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். தவிர, கண்ணையே பிடுங்கி அப்பத் துணிந்தவர் அவர். நான் கண்புரை ஆபரேஷனுக்கே நாள் தள்ளிக்கொண்டிருப்பவள். எனக்குச் சிவகோசரியார் வழிதான் சரி. பேத்தியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கிருஷ்ணர் பாதம் போட மாவு கரைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நைவேத்யம் ஆனதும் எல்லாருக்கும் இலை போடுவோம். அன்று சாப்பாட்டில் குறை சொல்லக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் மறுபாதி. பிரசாதம் ஆனபின் அதில் உப்புக் கம்மி, வெல்லம் தூக்கல் என்று பேச ஒன்றுமில்லை. எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கும் என் வீட்டுக்காரரும் அன்று வாயைத் திறக்க மாட்டார். சமைத்தவளின் நாக்கு காலை முழுக்க அடங்கியிருந்தது போல, சாப்பிடுகிறவர்களின் நாக்கும் ஒரு வேளை அடங்கியிருக்கிறது. இலை ஓரத்தில் உப்பு வைத்திருக்கும், வேண்டியவர் தொட்டுக்கொள்ளலாம்.

குழந்தைகள் இதற்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. போன சதுர்த்திக்கு உளுந்துக் கொழுக்கட்டையை ஒரு கடி கடித்ததும் பேரன், “பாட்டி, உப்பே இல்ல!” என்று கூடம் அதிரக் கூவினான். பெரியவர்கள் எல்லாரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மருமகள் உள்ளே போய் மிளகாய்ப்பொடி டப்பாவையும் நல்லெண்ணெயையும் கொண்டுவந்து பந்தியின் நடுவில் வைத்தாள். முதலில் கை நீட்டியவர் என் வீட்டுக்காரர்.