சாந்து பூசுமுன்



பூந்தமல்லிக்கு மெட்ரோ ரயில் பாதை அமைக்கத் தொடங்கியது முதல் நம் பகுதியில் வீடு விற்போரும் வாங்குவோரும் பெருகிவிட்டார்கள். உங்களில் சிலரும் வீட்டை விலைக்குக் காட்ட ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறீர்கள்; அதற்காக ஜெபிக்கும்படி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த வாரம் என் சொந்த அனுபவம் ஒன்றை, வெட்கத்தோடுதான், உங்களிடம் சொல்கிறேன்.

என் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், மாங்காட்டில் அவர் கட்டிய வீட்டை விற்பதென்று நானும் தம்பியும் தங்கையும் தீர்மானித்தோம். ஞாயிறு மாலைகளில் ஆட்களை அழைத்துவருவதாகத் தரகர் சொன்னார். அதற்கு முந்திய இரண்டு வாரமும் வேலைதான். பரணில் கிடந்த பழைய பாத்திரங்களையும் புத்தகக் கட்டுகளையும் இறக்கினோம். ஒழுகிய குழாய்களுக்கு வாஷர் மாற்றினோம். தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவினோம். துருப்பிடித்த கேட்டுக்கு வண்ணம் அடித்தோம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, வாரிசுச் சான்று அனைத்தையும் ஒரே கோப்பில் அடுக்கினோம். இவை யாவும் நல்ல காரியங்களே; வருகிறவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

கூடத்துச் சுவர் ஒன்றுதான் மீதியிருந்தது. 2021 நவம்பர் மழையில் மாங்காட்டின் பல தெருக்கள் நீரில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வயல்கள் மனைகளாகிவிட்டன, ஏரிகளின் உபரிநீரோ தன் பழைய பள்ளத்தைத் தேடியே வருகிறது. எங்கள் கூடத்தில் முழங்காலளவு நின்றது. நீர் வடிந்தபின் சுவரில் பதிந்திருந்த கோட்டின் அருகே அப்பா பென்சிலால் தேதி எழுதிவைத்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே ஆண்டுதோறும் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். வண்ணம் பொரிந்து உதிரும்.

"சுரண்டிப் பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்துவிட்டால் அடுத்த மழைவரை ஒன்றும் தெரியாது, ஐயா" என்றார் பெயிண்டர். நான் தலையசைத்தேன். அப்பாவின் பென்சில் எழுத்தும் அதோடு மறைந்தது.

முதல் ஞாயிறன்று ஓர் இளம் தம்பதியினர், தாயாரோடும் கைக்குழந்தையோடும் வந்தார்கள். "மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருமா, ஐயா?" என்று அந்தத் தாயார் கேட்டார். "தெருவில் கொஞ்சம் நிற்கும், அம்மா, பிறகு வடிந்துவிடும்" என்றேன். சொன்னது மெய், ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பொய். "போதகரே சொல்கிறார், இனி என்ன?" என்று அவர் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுச் சுவரில் தோஷம் தோன்றினால், வீட்டுக்காரன் தானே போய் ஆசாரியனிடம் அறிவிக்க வேண்டும். பிறகு வீட்டை வெறுமையாக்கி, ஆசாரியன் சுவரைப் பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைத்துவைக்கிறான். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, வேறு கல்லை வைத்து, கடைசியில்தான் புதுச் சாந்து பூசுகிறார்கள். அங்கே முதலில் அறிக்கை, முடிவில் சாந்து. நானோ சாந்தை முதலில் பூசினேன், அறிக்கையை விட்டேவிட்டேன். சுவரைச் சோதிக்க வேண்டிய ஊழியக்காரனே அதை மறைத்தான்.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் கேட்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறை விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்.

காலையில் அந்த மகனைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளதைச் சொன்னேன். சற்று நேரம் மௌனம். "நன்றி, ஐயா" என்றார். அவர்கள் திரும்ப வரவில்லை.

தம்பிக்குக் கோபம். "அண்ணா, உங்கள் மனச்சாட்சிக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. சில மாதங்களுக்குப்பின், எல்லாவற்றையும் கேட்டறிந்த ஒருவர், தரைமட்டத்தை உயர்த்திக் கட்டும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கினார். குறைந்த தொகையை என் பங்கில் கழித்துக்கொள்ளும்படி சொன்னேன். தம்பி மறுக்கவில்லை. இப்போது பேசுகிறான், முன்போல் இல்லை. அதற்காக இன்னும் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, வீட்டைப் பெருக்குங்கள், கழுவுங்கள், வண்ணமும் அடியுங்கள். ஆனால் எந்தச் சுவரைக் குறித்து ஒருவரும் கேட்டுவிடக் கூடாது என்று உங்கள் உள்ளம் அஞ்சுகிறதோ, அதைக் குறித்து நீங்களே முதலில் பேசுங்கள். அந்த வீட்டில் நாளை ஒரு கைக்குழந்தை உறங்கப்போகிறது. கர்த்தருக்கு முன்பாக நம் இருதயத்தைத் திறக்கும்போதும் முறை இதுவே: அறிக்கை முதலில், சாந்து பிறகு.

ஜெபம்: எங்கள் உள்ளறைகளைக் காண்கிற ஆண்டவரே, மூடிவைத்ததை நாங்களே திறந்து சொல்லும் தைரியத்தையும், அதன் நஷ்டத்தைத் தாங்கும் கிருபையையும் தாரும். ஆமென்.