ஆளைப் பார்க்காத விலை

நவம்பர் 10, ஞாயிறு

நியூஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஷோரூம் பூட்டியிருக்கும், வண்டிகள் வெளியே வரிசையாக நிற்கும். பின்னாலேயே வந்து பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாத இந்த நாள்தான் விலைச்சீட்டு படிக்க ஏற்ற நாள். காலையில் எடிசனிலிருந்து கிளம்பி, சுற்றுவட்டார டீலர்களின் வளாகங்களுக்கு வீட்டுக்காரரும் நானும் போய் வந்தோம். எனக்கு வேண்டியது மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, துணிக்கூரை, கையால் போடும் ஆறு கியர். பல வருஷமாகச் சேர்த்த பணம்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டை இங்கே மன்ரோனி என்பார்கள். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958-ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. அடிப்படை விலை, கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றின் விலை, கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். வாங்கியவர் கைக்குப் போகும்வரை அதைக் கிழிப்பது குற்றம். நான் பார்த்த சிவப்பு வண்டியின் சீட்டில் ‘ஹிரோஷிமா, ஜப்பான்’ என்று இருந்தது. மொத்தம் 36,500 டாலரை ஒட்டி வந்தது.

அதற்குப் பக்கத்திலேயே, அதே அகலத்தில், அதே மாதிரி எழுத்தில் இன்னொரு சீட்டு. ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ 2,995 டாலர். கதவோர ரப்பர், பெயின்ட்மேல் பூச்சு, டயருக்கு நைட்ரஜன் சேர்த்து 1,195. இது டீலர் தானாக ஒட்டியது. எந்தச் சட்டமும் ஒட்டச் சொல்லவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சீட்டு என்றே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் அப்படி அச்சடித்திருக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க நான் தயாராக இல்லை.

இந்தக் காருக்குக் கூடுதல் விலை கேட்பது புதிதல்ல. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக இதைக் காட்டினார்கள். விலை 13,800 டாலர் என்று வந்தது. அந்த வருஷம் அதற்குமேல் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. அன்றைக்கு வண்டி குறைவு, ஆள் அதிகம். இது நவம்பர். கூரை திறக்கும் கார்கள் பனிக்கு முன்னால் தேங்கி நிற்கிற மாதத்தில் அட்ஜஸ்ட்மென்ட் கேட்க எந்த நியாயமும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

சாயங்காலம் ஒரு டீலரிடம் போனோம். ஓட்டிப் பார்த்தது நான். கிளட்ச், டயர், வாரண்டி பற்றிக் கேட்டதெல்லாம் நான். விலை பேச உட்கார்ந்ததும் விற்பனையாளர் நாற்காலியை வீட்டுக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டார். “கார் அவங்களுக்கு, பணமும் அவங்களோடது” என்று இவர் சொன்னார். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் அவர் இவரிடமே கேட்டார்.

பிறகு ஒரு தாளை நான்கு கட்டமாக மடித்தார். கார் விலை, பழைய வண்டிக்கு மதிப்பு, முன்பணம், மாதத் தவணை. பேச்செல்லாம் நாலாவது கட்டத்தில்தான். “மாசம் எவ்வளவு கட்டினா வசதியா இருக்கும்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே கூடாது என்பது என் முடிவு. 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு மாதம் 580 டாலர். ஏழு வருஷத்துக்கு 438. தவணை இறங்கியதைப் பார்த்து மனசு குளிர்ந்துவிடும். கடைசியில் 2,000 டாலருக்குமேல் கூடுதலாகக் கட்டியிருப்போம், காரின் விலையில் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது.

“வரி, பதிவு, உங்க கட்டணம் எல்லாம் சேர்த்து, சாவியோட வெளியே போக மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுங்க” என்றேன். இன்றைக்கே கையெழுத்துப் போடுவதானால் மேனேஜரிடம் கேட்பதாகச் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம்.

இரவில் இயன் ஏர்ஸின் ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். 1991-இல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் வந்தது. சிகாகோ வட்டாரத்து டீலர்களிடம் வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் எல்லாரையும் ஒரே மாதிரி பேரம் பேசப் பழக்கி அனுப்பினார். வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிட மற்ற எல்லாருக்கும் கூடுதல் விலை. பேசிய பேச்சு ஒன்றுதான், பார்த்த ஆள்தான் வேறு. என்னை வாட்டுவது இதுதான். மதுரையில் அம்மா காய்கறிக்காரம்மாவிடம் பேரம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பேரத்தில் எனக்குக் கோபம் இல்லை. அங்கே தக்காளியின் அன்றைய விலை இரண்டு பேருக்கும் தெரியும். இங்கே ஒருவருக்கு எல்லாம் தெரியும், மற்றவரிடம் மாதத் தவணை கேட்கிறார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

இனி எழுத்தில் மட்டும்தான். இணையம் வழியாக விலை கேட்டு வாங்கும்போது சிறுபான்மையினர் கொடுக்கும் விலைக்கும் வெள்ளையர் கொடுக்கும் விலைக்கும் இடையே ஏறக்குறைய வித்தியாசமே இல்லாமல் போகிறது என்று 2003-இல் ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். எல்லா டீலருக்கும் ஒரே மெயில் போட்டேன். எந்த மாடல், எந்த நிறம், கையால் போடும் கியர். கார் விலை, டீலரின் ஆவணக் கட்டணம், 6.625 சதவீத மாநில வரி, பதிவுக் கட்டணம், மொத்தம். ஒவ்வொன்றும் தனி வரியில் வேண்டும். டீலர் தானாகச் சேர்க்கும் சாமான் எதுவும் வேண்டாம்.

“நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்” என்ற பதில்களை ஒதுக்கிவிட்டேன். ஒருவர் காரின் விலையை நன்றாகக் குறைத்துவிட்டு ஆவணக் கட்டணம் 799 என்று போட்டிருந்தார். பக்கத்து நியூயார்க்கில் 175 டாலருக்குமேல் அதை வாங்க முடியாது. எங்கள் மாநிலத்தில் உச்சவரம்பு இல்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த ஒளிவிடங்கள் எல்லாம் தானே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள டீலரிடமிருந்து ஒரு பெண் மேலாளர் கேட்டபடியே எழுதியிருந்தார். கார் விலை 34,900, மொத்தம் 38,150. இது நியாயமா என்று வெகுநேரம் யோசித்தேன். கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கு டீலர் கொடுக்கும் இன்வாய்ஸ் விலை ஒன்று இருக்கிறது. வண்டி விற்றபின் அதில் ஒரு பங்கை ‘ஹோல்ட்பேக்’ என்று பல நிறுவனங்கள் திருப்பிக் கொடுக்கும். இன்னொரு பக்கம், வண்டி விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன்மேல் வாங்கிய கடனுக்கு டீலர் வட்டி கட்டுகிறார். விற்பனையாளரின் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. லாபமே இல்லாமல் போகும் காருக்கு அவருக்குக் கிடைப்பது ‘மினி’ என்று அவர்கள் சொல்லும் ஒரு சின்னத் தொகை. ஆகவே அடிமட்ட விலைக்கு இழுப்பது என் நோக்கமில்லை. யார் கேட்டாலும் இதே எண்ணைச் சொல்வார்களா என்பதுதான் கேள்வி. வீட்டுக்காரரை அவர் பெயரில் தனியாக ஒரு மெயில் போடச் சொன்னேன்.

நவம்பர் 20, புதன்

அவருக்கும் 38,150. ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 30, சனி

காரை எடுத்துவிட்டோம்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு இருக்கும், எந்த மாதம் தயாரித்தது என்று. மே மாதம் என்று இருந்தது. கோடை முழுக்க நின்ற வண்டி. அவர்களுக்கும் அது போக வேண்டியிருந்தது. டயர், பெயின்ட், சேஸிஸ் எண் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மேசைக்குப் போனேன். தாளில் 38,150 அப்படியே இருந்தது.

கவனமாக இருக்க வேண்டிய இடம் அதற்கப்புறம் வரும் பைனான்ஸ் அறை. பல டீலர்களுக்குக் காரில் வருவதைவிட அங்கே வருவது அதிகம். வங்கி டீலருக்குச் சொல்லும் வட்டி ஒன்று, டீலர் நமக்குச் சொல்லும் வட்டி ஒன்று. நடுவில் இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. என் கிரெடிட் யூனியன் கொடுத்த கடன் ஒப்புதல் கடிதத்தை மேசைமேல் வைத்து, இதைவிடக் குறைவாகக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். அங்கே இருந்தவர் கால் சதவீதம் குறைத்தார், கடனை அவரிடமே எடுத்துக்கொண்டேன். நீட்டிப்பு வாரண்டி 2,800 டாலர் என்றார். வேண்டாம் என்றதும் 1,900 ஆனது. மூச்சுவிடுவதற்குள் 900 டாலர் இறங்குகிற பொருளுக்கு முதலில் சொன்ன விலை எதை வைத்து வந்தது? அந்த அறைக்குள் இன்னும் எத்தனை பேர் 2,800 கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கவே மனசு கேட்கவில்லை. வாங்கவில்லை.

ராத்திரி, தமிழ்ப் பள்ளியில் கூட வேலை செய்யும் பெண் போன் செய்தாள். பொங்கலுக்கு முன்னால் அவளும் ஒரு கார் வாங்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்ட தாள்களைப் படமெடுத்து அனுப்பினேன். “விலையெல்லாம் வெளியில சொல்லலாமா அக்கா?” என்று கேட்டாள். “சொல்லத்தான் வேணும்மா, நீயும் வாங்கினதும் சொல்லு” என்றேன். டீலர்களுக்கு நான் போட்ட மெயிலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மாடல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.