எழுபது வளைவுக்கு ஒரு குட்டை கியர்

கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளி. வனத்துறை சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முதல் பலகை கண்ணில் படும்: 1/70. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவது என்று அர்த்தம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20, ஊட்டி கல்லட்டிப் பாதையில் 36, வால்பாறைக்கு 40 என்று எண்ணிப் பழகியவர்களுக்குக்கூட, எழுபது என்பது வயிற்றில் லேசாகப் புளியைக் கரைக்கும்.

அந்த எழுபதைத் தேடித்தான் என் அக்கா மகன் கிளம்பினான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு நிற டூ சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ரசிகர்களும் எதிரிகளும் ஒரே நேரத்தில் எனக்கு எழுதுவார்கள். காருக்கு வயதாகிவிட்டது. கியர் கம்பு, தயிர் மத்து மாதிரி நாலா பக்கமும் ஆடும். அதைக் கழற்றிவிட்டு 'ஷார்ட் ஷிஃப்டர்' போட்டிருந்தான். குட்டையான கியர் கம்பு. "மாமா, கொல்லிமலையில் ஓட்டிப் பார்த்தாத்தான் இதோட அருமை தெரியும்" என்றான். அக்கா என்னைத் தனியே அழைத்து, "நீ பக்கத்துல உக்காந்துக்கோ. அவன் வேகமா போனா ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். இரண்டே சீட் என்பதால் அவளால் வர முடியவில்லை. வீட்டில் இருந்துகொண்டே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஷார்ட் ஷிஃப்டர் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. கியர் கம்பு ஒரு சீசா பலகை. நடுவில் ஒரு குண்டு மூட்டு. மூட்டுக்கு மேலே இருப்பது நம் கையில். கீழே இருப்பது கியர் பாக்ஸுக்குள். மேல் பகுதியைக் குறைத்தோ, மூட்டைச் சற்று உயர்த்திக் கீழ்ப் பகுதியை நீட்டியோ வைத்தால், கை நகர வேண்டிய தூரம் குறையும். ஒரு சாண் தள்ளிய இடத்தில் நாலு விரற்கடை தள்ளினால் போதும். ஆனால் சீசா கணக்கு பொய் சொல்லாது. தூரம் குறைந்தால் பலம் கூடத் தேவைப்படும். குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர், வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

இதைப் பொருத்திக் கொடுத்த சேலத்து மெக்கானிக்குக் கொஞ்சம் வயதானவர். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே, "கம்பைக் குட்டையாக்கிட்டா உங்க கைதான் தம்பி வேகமாப் போகும். உள்ள இருக்கிற பித்தளை வளையம் அதோட வேகத்துலதான் வேலை செய்யும். அதுக்கு நேரம் குடுங்க" என்றார். கூடவே, கம்பை ஆட வைத்ததே தேய்ந்துபோன புஷ்கள்தான் என்று நாலைந்து ரப்பர் துண்டுகளை எடுத்துக் காட்டினார். என்னைக் கேட்டால், அந்தப் புஷ்களை மாற்றியதிலேயே பாதி சுகம் வந்துவிட்டது. ஆனால் புது கம்பு பளபளக்கும்போது ரப்பர் துண்டுக்கு யார் நன்றி சொல்லப்போகிறார்கள்?

அவர் சொன்ன பித்தளை வளையம் 'சின்க்ரோமெஷ்'. கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை உரசி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே பல்லோடு பல் சேர விடும். அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 1928-ல் வந்தது. அதற்கு முன் எல்லோருக்கும் 'டபுள் கிளட்ச்'தான். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கீழ் கியர். நாமக்கல் பக்கத்துப் பழைய லாரி டிரைவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய தாளம். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே, ஓட்டுவது பெருசா சிறுசா என்று சொல்லிவிடுவார்கள்.

கியர் கம்பை மாற்றும் ஆசை நம் ஊருக்குப் புதிதல்ல. பழைய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் கியர் இருந்தது ஸ்டீயரிங்குக்குக் கீழே. முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார வசதி. கல்யாணத்துக்குப் போகும் டாக்சியில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தக் கம்பிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் இணைப்புகள் தேயத் தேய, கியர் எங்கே விழுகிறது என்பது கடவுளுக்கும் டிரைவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதனால் அதைக் கழற்றி, 'ஃப்ளோர் கியர்' ஆக மாற்றித் தரும் மெக்கானிக்குகளுக்கு நல்ல கிராக்கி. பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறும்போது, ஓடிக்கொண்டே முதல் கியருக்கு வர வேண்டும் என்றால் டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கரகர' சத்தம் அடிவாரம்வரை கேட்கும். 1990-களில் இசுசு இன்ஜினோடு வந்த அம்பாசிடரில்தான் ஐந்து கியர் தரையில் முளைத்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் தரையில் கியர் வைத்த ஒரு கார் தயாரானது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961-லிருந்து. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சென்னையில் அப்பாக்கள் ஆபீஸ் போன காருக்கு, அங்கே இப்படியொரு தம்பி! கோவையின் கரிவர்தனும் இதே மண்ணில்தான், மாருதி 800-ன் இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தய கார்களைச் செய்தார். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதை, ஆறாவது வளைவில் அக்கா மகனுக்கு நான் ஒருமுறை நினைவூட்டினேன்.

வண்டி ஏறத் தொடங்கியதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குட்டை கியர் அருமை. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் மூன்றிலிருந்து இரண்டு. 'டக்' என்று தாழ்ப்பாள் விழுவது போல ஒரு சத்தம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இரண்டுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே ஸ்டீயரிங்கைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே கியர் மாற்றுகிறவர்கள் பாதி வளைவில் ஒற்றைக் கையோடு தவிப்பார்கள். இருபது வளைவுக்குள் காதடைத்தது. முப்பதைத் தாண்டும்போது காற்றில் ஈரம். கீழே நாமக்கல் சமவெளி, யாரோ பாய் விரித்த மாதிரி கிடந்தது.

நாற்பதுக்கு மேலே ஒரு வளைவில் மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கியது. கொண்டை ஊசியில் பேருந்துக்கு முழுச் சாலையும் வேண்டும். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். ஆனால் பாதி திரும்பிவிட்ட பேருந்திடம் சட்டம் பேச முடியாது. நின்றோம். பின்னால் ஒரு பிக்கப் வேன், பக்கத்தில் பாறை. பேருந்து போன பிறகு முதல் கியர் விழவில்லை. குட்டைக் கம்பை அழுத்தினான். அது கல்லாக நின்றது. இன்னும் அழுத்தினான். "தள்ளாதே. கிளட்ச்சை விட்டு மறுபடி மிதி. இல்லாட்டி ஒரு தடவை இரண்டாவதில் போட்டு எடு" என்றேன். இரண்டாவதில் தட்டிவிட்டு ஒன்றுக்கு வந்தான். வெண்ணெய் போல விழுந்தது. ஹேண்ட் பிரேக்கில் வண்டியைப் பிடித்து, கிளட்ச் கவ்வும் இடம் தெரிந்ததும் மெல்ல விட்டான். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பிக்கப் டிரைவர் முந்திப் போகும்போது எங்கள் காரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வண்டி நிறைய காலிக் கூடைகள். மேலே போய் அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு இன்றே இறங்க வேண்டியவர். அவருக்கு இந்த எழுபது வளைவு தினப்படி வேலை.

மேலே சோளக்காட்டில் மிளகும் வாழையும் பலாவும் வாசம் பிடித்தன. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு அரசன். ஆண்டுதோறும் ஆடி 17, 18-ல் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயராம். வாகனத்தின் மேல் பைத்தியம் இந்த மலைக்கு அப்போதே உண்டு என்று அக்கா மகனுக்கு ஒரே பெருமை. அங்கிருந்து வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். இங்கே ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றே சொல்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அங்கே கியர் கிடையாது, முழங்கால்தான். இறங்கும்போது சிரித்தவன் ஏறும்போது பேசவில்லை.

உண்மையான பரீட்சை கீழே இறங்கும்போது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பால பாடம். இரண்டாவது கியரில் ஏறினால் இரண்டாவதில்தான் இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி எழுபது வளைவு இறங்கினால், டிஸ்க்கும் பேடும் கொதித்து, பிரேக் ஆயிலும் கொதித்து, ஒரு கட்டத்தில் பெடல் பஞ்சாகிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் அது மிச்சமே இல்லை. கியரில் இறங்கும்போது பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட எண்ணெய் செலவாகும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் D-யிலேயே விடாமல், L-க்கோ மேனுவல் நிலைக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்துகள் எதற்கென்று பலர் கேட்டதே இல்லை.

குட்டை கியரில் ஓர் ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. கியர்கள் நெருக்கமாக இருப்பதால், மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்த கை அவசரத்தில் இரண்டுக்குள் போய்விடலாம். வேகத்தில் அது நடந்தால் இன்ஜின் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சுழலும்; பின் சக்கரம் வழுக்கினாலும் ஆச்சரியமில்லை. அதனால் இறக்கத்தில் நான்கே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஐம்பதுகளில் ஒரு வளைவுக்கு மேலே வரும்போது கீழே சைரன் கேட்டது. 108 ஆம்புலன்ஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. சொல்லாமலே அவன் ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டு நின்றான். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் மலைக்காரர்கள் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கியே ஆக வேண்டும். பிரசவ வலியோடும் நெஞ்சு வலியோடும் அந்த வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்கியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். வண்டி எங்களைத் தாண்டிப் போய், மேல் வளைவில் மறைந்தது. "திரும்பி வரும்போது நாம ரோட்டுல இருக்கக் கூடாது மாமா" என்றான் அவன். வேகம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி, பின்னால் வந்த பேருந்துக்கும் வழி விட்டான்.

காரவள்ளியில் ஒரு கார் சாலையோரம் நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை. குடும்பம் மொத்தமும் வெளியே நிற்க, ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தை நெருங்கினார். டீக்கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார். கொதிக்கும் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும், சும்மா விட்டால் தானே ஆறும் என்றார். அவருக்கு இது வாராவாரம் நடக்கிற வேலை போல.

அக்கா மகன் டீ வரும்வரை எங்கள் காரின் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்த்தான். பிறகு சேலத்து மெக்கானிக்குக்கு போன் போட்டு, "அண்ணா, பிரேக் ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியல. பேடும் பாக்கணும். செவ்வாய்க்கிழமை வரட்டுங்களா?" என்று கேட்டான். அக்காவுக்கு நான் போன் செய்தேன்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் காரவள்ளியைத் தாண்டிவிடுங்கள்; பனி இருந்தாலும் எதிரே வண்டிகள் குறைவு. பெட்ரோல் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள், கூச்சப்பட வேண்டாம். அருவிப் படி இறங்குவதாக இருந்தால் மதியத்துக்கு முன்பே இறங்கி ஏறிவிட்டு, இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள்.