அட்டன் மலையில் ஓர் அத்தாட்சியைத் தேடி

கண்டியிலிருந்து காலையில் புறப்படும் புகைவண்டி, நாவலப்பிட்டியைக் கடந்ததும் நடை தளர்ந்துவிடுகிறது. அவசரக்காரனுக்கு அங்கே அலுப்பு. சாளரத்தோரம் இடம் பிடித்தவனுக்கு ஆனந்தம். கலபொட, வட்டவளை, ரொசல்ல என்று நிலையங்கள் வந்து போகப் போகக் காற்றில் குளிர் ஏறுகிறது. காட்டுமரங்கள் விலகி, வாரிச் சீவிய தலைபோலத் தேயிலை மலைகள் எழுகின்றன. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், 1884ஆம் ஆண்டில், இந்த இருப்புப் பாதை அட்டனை எட்டியது. மறு ஆண்டு நானுஓயா வரை சென்றது.

இந்தப் பாதையில் நான் பலமுறை சென்றதுண்டு. சிவனொளிபாத மலைக்கு யாத்திரையாகவும், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கும், மாணவரைக் கூட்டிக்கொண்டு சுற்றுலாவாகவும் போயிருக்கிறேன். ஒரு கிழவியின் விவாகத்தைத் தேடிக்கொண்டு போனது சென்ற மார்கழி விடுமுறையிலேதான்.

என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் மாணவன் ஒருவனின் அம்மாயி அவர். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கணவர் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். அவர் காலமான பின், அவருக்குச் சேர்ந்திருந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் சென்றபோது, பின்னுரித்தாளியின் பெயர் எழுதப்படாதிருந்தது தெரியவந்தது. "விவாக அத்தாட்சிப் பத்திரம் கொண்டு வாருங்கள்" என்றார்களாம். அதற்கு எங்கே போவது? மாரியம்மன் கோயில் வாசலில் மஞ்சட்கயிறு கட்டி, பெரிய கங்காணி திருநீறு பூசி வாழ்த்திய விவாகம் அது. பதிவாளர் அங்கே வரவில்லை. அவர் வரவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

"அம்பது வருசமா ஒரே காம்பிராவுல ஒலை வச்சு எறக்குனேன் சேர். அதுக்குக் கடுதாசி வேணுமாமே!" என்றார் அந்த மூதாட்டி. கோபம் இல்லை, வியப்புத்தான் இருந்தது.

இந்துக்களின் வழக்கப்படி நடந்த விவாகம், பதியப்படவில்லை என்ற காரணத்தால் மட்டும் செல்லாததாகிவிடாது. நம் நீதிமன்றங்கள் அத்தகைய விவாகங்களை நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. எனினும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பதிவேட்டில் உள்ள குறிப்பே தலைசிறந்த சான்று என்று சொல்லிவிட்டது. முதற் சான்று இல்லாதவர் இரண்டாஞ் சான்றைத் தேட வேண்டியதுதான். பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில், 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' என்றொரு கேள்விக்கு விடை எழுதியிருக்கும். மூத்த பிள்ளையின் பத்திரத்தில் அந்த விடை 'ஆம்' என்றிருந்தால், வழி ஒன்று திறக்கும் அன்றோ?

ஆனால் மூத்த மகனுக்கு, அதாவது என் மாணவனின் தாய்மாமனுக்கு, பிறப்புப் பத்திரமே இல்லை. அடையாள அட்டை எடுக்கும் வயதில் தேடிப் பார்த்து, "பதிவு இல்லை" என்ற பதிலைப் பெற்று, உத்தேச வயதுச் சான்றிதழோடு காலந் தள்ளியவர் அவர்.

அன்றிரவு லயத்திலே தங்கினோம். கிழவி கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். கற்பூர வாசனையோடு வந்தன கடுதாசிகள்: பழைய பற்றுச்சீட்டு, ஆஸ்பத்திரித் துண்டு, விண்ணப்பம் போட்ட ரசீது, பிரஜாவுரிமைப் பத்திரம். அக்குடும்பத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் வெகுகாலம் ஒருவருமில்லை. ஆயினும் ஒரு துண்டுக் கடுதாசிகூட எறியப்படவில்லை.

ஏன் எறியவில்லை என்பதை இளைய தலைமுறையினர் அறிய வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தவன் என்பது மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இந்நாட்டில் பிறப்புப் பதிவு முறை தொடங்கியதே 1867ஆம் ஆண்டில். பூட்டன் பிறந்ததற்கு எந்தக் கச்சேரியில் பத்திரம் எடுப்பது? அடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதன்கீழ் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிட்டியது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். இடைவிடாது இங்கே வாழ்ந்ததைக் கடுதாசியால் நிரூபிக்க வேண்டும் என்பது பலருக்கு எமனாக வந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாக்கிற்று. எஞ்சி நின்றோருக்கு வழி செய்ய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. கிழவியின் தம்பி ஒருவர் இந்தியா போனவர். தங்கை இங்கே நின்றவர். ஒரே வயிற்றுப் பிள்ளைகளை இரண்டு தேசத்தவராக்கிய கடுதாசிகளை யார்தான் எறிவார்?

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குச் சென்றோம். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர். "எந்தத் தோட்டம் என்று எழுதித் தேடினீர்கள்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. அதிலேதான் முடிச்சு அவிழ்ந்தது.

மலைநாட்டில் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. துரைமார் தங்கள் ஸ்காத்லாந்து ஊரை நினைத்து இட்ட பெயர் ஒன்று. நம்மவர் முதற் கங்காணியையோ, ஆற்றையோ, பாறையையோ கொண்டு இட்ட பெயர் மற்றொன்று. ஆங்கிலேயர் வெளியிட்ட பெர்குசன் டிரெக்டரியில் இந்தத் தமிழ்ப் பெயர்களும் தொகுக்கப்பட்டிருந்தன. அரசாங்கப் பதிவேட்டிலோ ஆங்கிலப் பெயர் மட்டுந்தான். போதாக்குறைக்கு, கிழவி சொன்ன பணியக்கணக்கு 1971இல் வேறொரு தோட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே இதனோடு இணைக்கப்பட்டதாம். ஆக, மாமன் தேடியது இல்லாத தோட்டத்தில்! பிறப்பை அந்நாளில் தோட்டத்துரை மாவட்டப் பதிவாளருக்கு அறிவிப்பது வழக்கம். ஆகவே துரையின் வாய்ப் பெயரே பதிவின் பெயர்.

"பிறந்த தேதி?" என்றார் கிளாக்கர்.

"சேகுவேராக் கொழப்பத்துக்கு முந்துன தை. மாட்டுப் பொங்கலண்ணைக்கு" என்றார் கிழவி, கண்ணிமைக்காமல். 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு முந்திய தை மாதம்! சரித்திர ஆசிரியர் எவரும் இதற்குமேல் திருத்தமாகச் சொல்ல முடியாது.

இந்த விவரங்களோடு உரிய அலுவலகத்தை நாடினோம். (பெயரைச் சொல்லவில்லை.) முதல் யன்னலில் இரண்டாவதைக் காட்டினார்கள், இரண்டாவதில் மூன்றாவதை, மூன்றாவதில் இருந்தவர் தேநீர் அருந்தப் போயிருந்தார். தேநீர் விளையும் நாட்டில் அதைக் குறை சொல்வதற்கில்லை. விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கக் கண்டு, தமிழ்ப் படிவம் கேட்டேன். "தீர்ந்துவிட்டது" என்றார்கள். நான் நகரவில்லை. நுவரெலியா மாவட்டத்துச் செயலகங்கள் இரு மொழியிலும் கருமமாற்ற வேண்டியவை. தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை. பணிவாக, ஆனால் இரண்டாம் முறையும் சொன்னேன். மேசை இழுப்பறையில் ஒன்று அகப்பட்டது.

பதிவு இலக்கமும் தேதியும் தெரிந்திருந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் தேடுவதற்கென்று கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தத் தேடலும் இரண்டாண்டுக் காலத்துக்கு மேற்படாது. ஆகையால் 'எழுபதுகளில் எப்போதோ' என்று எழுதுவதால் பயனில்லை. பெயர்களை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதிக் கொடுத்தேன். லட்சுமி என்ற பெயர் ஆங்கிலக் கிளாக்கர் கையில் 'லெட்சிமி'யாகி, சிங்கள எழுத்தில் இன்னொரு உருக்கொண்டு, மீண்டும் தமிழுக்கு வரும்போது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிவதில்லை. உள்ளூரில் அகப்படாததைக் கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள மத்திய ஆவண அறையிலும் தேடலாம். பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். வேலை நாள் பதினான்கினுள் தீர்மானஞ் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். வீணே இருப்பானேன் என்று மாணவனோடு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். செயின்ட் கிளேயர் அருவியை மூடுபனிக்குள் பாதி கண்டு, தலவாக்கலை தாண்டி, உச்சியை அடைந்தோம். அங்கே என் பழைய நண்பரான சட்டத்தரணி ஒருவர், நீதிமன்ற ஆவணங்களின் வழியைச் சொன்னார். வழக்கிலக்கமும் கட்சிக்காரர் பெயரும் தெரிந்தாலன்றி ஆவண அறையில் எதுவும் அசையாது. இலக்கம் தெரிந்தால், 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொது ஆவணத்தைப் பார்வையிட உரித்துள்ளவர் கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். வாக்காளர் இடாப்பில் தம் பெயர் வேண்டுமென்று வழக்காடிய கோடாக்கன் பிள்ளையின் வழக்கை அவர் நினைவூட்டினார். பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்ற வழக்கு அது. தீர்ப்பு முழுவதும் சட்ட அறிக்கைகளில் அச்சாகி இருக்கிறது. மாணவர் வாசிக்க வேண்டிய பத்திரம்.

காணிப் பதிவகத்தைப் பற்றி மாணவன்தான் கேட்டான்: "சேர், எங்கள் லயம் யார் பெயரில் இருக்கிறது?"

காணி ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. அக்காணி பற்றிய உறுதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அதிலே ஏறும். நொத்தாரிசு மாதந்தோறும் அனுப்பும் இரட்டைப் பிரதிகளும் அங்கே சேரும். தோட்டக் காணியின் கதையை அவர் விரலாலேயே மேசையில் எழுதிக் காட்டினார். முடிக்குரிய நிலம் துரைக்குப் போனது, துரையிடமிருந்து கம்பனிக்கு, 1975இல் அரசுக்கு, 1992க்குப் பின் குத்தகையாகப் பெருந்தோட்டக் கம்பனிக்கு. அந்தப் பக்கத்தில் கொழுந்து பறித்தவர் பெயர் எந்த வரியிலும் வராது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் பெற்றவர் உளர். ஏழு பேர்ச்சஸ் என்பது சற்றேறக்குறைய 1,900 சதுர அடி. "வீடு கிடைத்தவர்கள் உறுதியும் கையில் இருக்கிறதா, அது பதியப்பட்டதா என்று பார்க்கச் சொல்" என்றார் நண்பர். மாணவன் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை, அந்த மூன்றாவது யன்னலில் இருந்தவரே எங்களைக் கண்டு கையசைத்தார். அவரே பழைய புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். 1971 ஜனவரி 15. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர். ஆண் குழந்தை, பெயர் என்ற இடம் வெறுமை. பெயர் சூட்டுமுன்பே துரையின் அறிக்கை போய்விட்டது போலும். தந்தையின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. தாயின் பெயரில் ஓர் எழுத்து அதிகம். 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' என்ற கேள்விக்கு நேரே, 'ஆம்.'

ஐம்பத்து நான்கு வயது வரை பிறப்புப் பதிவு இல்லாதவர் என்று திரிந்த மாமனின் பிறப்பு, இத்தனை காலமும் அந்த அலமாரியிலேயே இருந்திருக்கிறது. பெயரைப் புகுத்துவதற்கு இனி வேறொரு விண்ணப்பம் வேண்டும். எழுத்துப் பிழைக்குச் சத்தியக் கடதாசி வேண்டும். சேமலாப நிதிக்கு அதன் பிறகுதான் போகவேண்டும். காரியம் முடியவில்லை. ஆனால் கையிலே ஒரு பிடி கிடைத்துவிட்டது.

செயலக வாசலில் இருந்த சீமெந்துப் படியில் அமர்ந்து, பிரதியை ஆதியோடந்தமாக வாசிக்கச் சொன்னார் கிழவி. வாசித்தேன். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்ற கூட்டுக்கு வந்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் விழுந்த கூடு அது. அதற்குள் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

"அதுல ஒண்ணும் இல்லையா சேர்?"

"இல்லையம்மா. அவர் இங்கே பிறக்கவில்லை என்று அர்த்தம்."

"மாமனாருக்குத் தொறையூருப் பக்கம். மண்டபம் முகாமுல தங்கி, கப்பலேறி, பத்து வயசுல வந்தவரு. பேரு பெரியண்ணன்" என்றார் அவர். பிறகு பேரனைப் பார்த்து, "எழுதிக்கடா, அந்தக் கொப்பியில" என்றார்.

மாணவன் எழுதினான். பொகவந்தலாவை பஸ் வந்து நின்றது.