மூடிய நோட்டு

பெங்களூரு ஜோகுபாளையத்தில், அரசு உதவி பெறும் ஒரு சின்னப் பள்ளிக்கு நான் பொருளாளராக இருந்தேன். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது என்ற திமிர் இருந்தது.

2017 மே மாதம் டிரஸ்ட் கூட்டம். பள்ளி நர்ஸை நிறுத்திவிடலாம் என்று சொன்னவன் நான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பேச்சை எடுத்ததும் முடித்ததும் நான்தான்.

பிள்ளைகள் அவரை சிஸ்டரம்மா என்பார்கள். தினமும் அரை நாள் வருவார். மாதம் 7,000 ரூபாய். பத்து மாதத்துக்கு 70,000. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று அவரையும் கூப்பிட்டிருந்தோம். ஒரு நீள நோட்டோடு வந்தார். எந்தப் பிள்ளை வந்தது, என்ன தொந்தரவு, வகுப்புக்குத் திரும்பியதா, வீட்டுக்குப் போனதா என்று நாள்வாரியாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் மூடினேன். ஒரு வரி படிக்கவில்லை. "இதெல்லாம் சேவைங்க சிஸ்டர். எனக்குக் கணக்கு வேணும்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அரசு மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறதே, பிப்ரவரி 10 அன்று பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே என்றும் சொன்னேன். அந்த மருத்துவக் குழுவின் பரிசோதனைத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் ஒரு நாள் வந்து போகிறவர்களால் மற்ற நாட்களின் வயிற்றுவலிக்கு என்ன செய்ய முடியும்? அது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

பணம் இல்லை என்றும் சொன்னேன். பொய். அதே வருடம் வாசல் வளைவுக்கு 85,000 செலவழித்தோம். அதில் பதித்த கல்லில் என் பெயர் இருக்கிறது. அந்த வளைவின் திறப்பு விழாவில், 1956இல் காமராசர் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட்டதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள்.

ஜூனிலிருந்து, தலைவலி என்றாலும் மயக்கம் என்றாலும் பள்ளி ஆயா பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போன் செய்தார். அவர்களில் பலர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டிலும் இந்திராநகரிலும் வீட்டு வேலை செய்கிறவர்கள். ஒரு அம்மா என் வீட்டு வாசலுக்கே வந்தார். "ஒரே மாசத்துல மூணு தடவ கூப்ட்டீங்க சார். அந்த வீட்ல வேற ஆள வச்சிக்கிட்டாங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். எதையும் பார்த்து எழுத மாட்டாள், பக்கத்துப் பிள்ளையின் நோட்டையே எட்டிப் பார்ப்பாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம், "இவளுக்குப் படிப்பு ஏறாதும்மா, தையல் கத்துக்கொடுங்க" என்றேன். அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எட்டாவதோடு நின்றுவிட்டாள்.

2019இல் பழைய பில் ஒன்றைத் தேடும்போது பீரோவில் சிஸ்டரம்மாவின் அந்த நோட்டு கிடைத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் என் மகள் ஓர் ஆய்வைப் படித்துக் காட்டியிருந்தாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில் 2009-10 கல்வியாண்டில் நர்ஸ்களுக்கு ஆன செலவு 7.9 கோடி டாலர். மிச்சமான மருத்துவச் செலவு 2 கோடி. பெற்றோர் இழக்காமல் காத்துக்கொண்ட வேலையின் மதிப்பு 2.8 கோடி. மிச்சமான ஆசிரியர் நேரத்தின் மதிப்பு 12.9 கோடி. போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2.20 டாலர் பலன். நான் கேட்ட 'கணக்கு' இதுதான். சிஸ்டரம்மா அதைத்தான் என் முன்னால் வைத்தார்.

உட்கார்ந்து எண்ணினேன். கடைசி வருடத்தில் 412 பதிவுகள். வீட்டுக்கு அனுப்பியது 31. மிச்சம் 381 தடவை பிள்ளை வகுப்புக்குத் திரும்பியிருக்கிறது. அதில் பாதிக்காவது அம்மாவைக் கூப்பிட்டிருப்போம் என்று வைத்தேன், 190. அரை நாள் கூலி 250. ஆக 47,500. டிரஸ்ட் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளுக்கு, முடியாத பிள்ளைகளைப் பார்ப்பதில் நாளுக்கு முக்கால் மணி நேரமாவது வீண். 200 நாளுக்கு 150 மணி, மணிக்கு 180. அது 27,000. மொத்தம் 74,500. 70,000ஐ மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்பட்டேன். உண்மையில் மிச்சம் பிடிக்கவில்லை. அதில் பெரும்பங்கை வீட்டு வேலைக்காரப் பெண்களிடமிருந்து எடுத்து எங்கள் பேரேட்டில் வரவு வைத்தேன். என் வாசலுக்கு வந்த அம்மாவின் பறிபோன வேலை இந்த 74,500இல் சேரவில்லை. அதற்கு எந்தப் பத்தி போடுவது?

சிஸ்டரம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வரச் சொன்னேன். "வேற இடத்துல சேந்துட்டேன் சார்" என்றார். நான் பொருளாளர் பதவியை விட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைத்துவிடவில்லை.

ஏழாம் வகுப்புப் பெண்ணை அதன் பிறகு ஒரு துணிக்கடையில் பார்த்தேன். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் பேசவில்லை.

அன்று நான் மூடிய கடைசிப் பக்கம் 2017 மார்ச் மாதத்துடையது. அதில் அவள் பெயர் இருக்கிறது. பக்கத்தில் எழுதியிருப்பது இது: "ஆறாம் வகுப்பு. போர்டு மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். ஜூனில் பள்ளி திறந்ததும் கண் பார்க்க வேண்டும்."