பெட்டி குளிரவில்லையா? பதறாதீர்கள்!

உங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் என்ன இருக்கிறது? மீன், காய்கறி, நேற்றைய குழம்பு என்பீர்கள். எங்கள் பெட்டியின் நடுத்தட்டில் இன்னொன்றும் உண்டு. அது என் அம்மாவின் இன்சுலின். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கண்டது. ஆகவே உங்களில் பலர் வீட்டிலும் அது இருக்கும்.

தீபாவளிக்கு அடுத்த வாரம், தோட்டப் பள்ளி முடிந்து கிள்ளானில் உள்ள வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். விளக்கு எரிந்தது, தண்ணீர் சில்லென்று இல்லை. மீன் வாடை வேறு. பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பெட்டியைப் பார்க்காமலே, "கேஸ் முடிஞ்சிருக்கும் டீச்சர், முந்நூறு வெள்ளி ஆகும்" என்றார்.

அம்மா நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். "வெயில் ஏறுறதுக்குள்ள பாலைக் கொண்டு சேர்க்கலேன்னா கட்டிப் போயிடும். என் மருந்தும் அப்படித்தானாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தேன். மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஐஸ்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரிப் பின்புறக் கம்பிச்சுருள் வழியாக வெளியே தள்ளுகிறது. சில புதிய பெட்டிகளில் அந்தச் சுருள் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் உள்ளே எப்படிக் குளிரும்?

சுவிட்சை அடைத்து, பிளக்கைக் கழற்றி, பெட்டியை இழுத்தேன். விருந்தாளிகளுக்கு நாற்காலி போடுவதற்காக அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளியது நான்தான்! சுருளில் தூசி பஞ்சுபோல் அப்பியிருந்தது. மெல்லிய தூரிகையால் துடைத்து, சுவருக்கும் பெட்டிக்கும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டேன். கதவு ரப்பரில் ஒரு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுத்தேன். ஒரு மூலையில் வழுக்கி வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நீரால் துடைத்தபின் நோட்டு இறுகப் பிடித்தது. உள்ளே திணித்திருந்த பொட்டலங்களைக் குறைத்து, காற்று நடமாட வழி செய்தேன். மறுநாள் காலையில் தண்ணீர் பல் கூசியது!

இவையெல்லாம் செய்தும் குளிரவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். மோட்டார் 'டிக்' என்று அடித்து அடித்து நின்றாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அவர் கேஸ் குறைந்துவிட்டது என்றால், "எங்கே ஒழுகுகிறது?" என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகத் தீராது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டை வாளியில் நீர் இறைப்பதுதான். ஐஸ் கட்டியிருந்தால் கத்தியால் குத்தாதீர்கள். பல புதிய பெட்டிகளில் உள்ள கேஸ் தீப்பற்றக்கூடியது. பெட்டியை நிறுத்தி, ஐஸ் தானே உருக விடுங்கள்.

மருந்து என்னவாயிற்று என்கிறீர்களா? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே ஐஸ் கட்டும் தட்டின் அருகே வைக்காதீர்கள். சூடுபட்ட மருந்தை அரசாங்கக் கிளினிக்கில் காட்டினேன். எத்தனை நாள் வெளிச்சூட்டில் இருந்தது என்று மருந்தாளர் கேட்டார். பிறகு தேதி எழுதி நான்கு வாரத்துக்குள் முடிக்கச் சொல்லி, மிஞ்சக்கூடியதை மாற்றித் தந்தார். நீங்களும் கேட்டே முடிவு செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் பெட்டிக் கதவைத் திறந்து தண்ணீர்ப் போத்தலைத் தொட்டுப் பார்ப்பது அம்மாவின் வேலை. "இன்னிக்குப் பால் கட்டலம்மா" என்று சொல்லிச் சிரிக்கிறார்.