மிதவை அசைந்தது

கடலோடு உறவை முறித்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது. முறித்தவர் என் தாயார். 1969-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், வாடைக்காற்று ஓங்கியிருந்த ஒரு விடியற்காலையில் என் தந்தையார் ஏறிச்சென்ற கட்டுமரம் கரை திரும்பவில்லை. அப்போது எனக்கு வயது ஏழு. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் தாயார் வலைகளையும் துடுப்புகளையும் உறவினருக்குக் கொடுத்துவிட்டார். “என் பிள்ளை எழுத்தைப் பிடிச்சுப் பிழைக்கட்டும், துடுப்பைப் பிடிக்க வேண்டாம்” என்று ஊரார் முன்னிலையில் அவர் கூறியது இன்னும் என் செவிகளில் ஒலிக்கிறது. அவ்வண்ணமே நான் படித்தேன்; கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணக்கரானேன். கடலை நாள்தோறும் கண்டேன். அதில் கால் நனைத்ததில்லை.

இராயபுரத்துக்காரர்களுக்குக் கடல் அந்நியமானதன்று. துறைமுகம் தோன்றுமுன் சென்னைக்கு வந்த கப்பல்கள் யாவும் கரைக்கு வெகுதூரத்திலேயே நங்கூரமிட்டு நின்றன. கொந்தளிக்கும் அலைகளைக் கடந்து மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் எம் முன்னோர். அவர்களுடைய மசூலாப் படகுகளில் ஆணியே இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை ஓங்கி அறைந்தால் ஆணி அடித்த படகு பிளக்கும். தைத்த படகோ நெளிந்து கொடுத்துத் தப்பும். அந்தப் படகோட்டிகளின் உழைப்பால் எழுந்ததே எங்கள் இராயப்பர் ஆலயம்.

பின்னர் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைத் தகர்த்தும், வெள்ளையர் மீண்டும் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தின் தலைவராயிருந்த பொறியியலாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை வடகிழக்கிற்கு மாற்றித் துறைமுகத்தைச் செம்மைப்படுத்தினார். கணித மேதை இராமானுஜனுக்கு 1912-இல் எழுத்தர் வேலை கிடைத்ததும் இவருடைய அலுவலகத்தில்தான். கப்பல்கள் சுவருக்குள் வந்து நிற்கவே மசூலாப் படகுகளுக்கு வேலையற்றுப் போயிற்று. சுவர்களுக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்துத் தின்றது. அதே ஸ்பிரிங் துரை 1911-இல் பாய்மரப் படகுப் பந்தயத்திற்கென ஒரு கழகத்தையும் தோற்றுவித்தார். நெடுங்காலம் அது துரைமார்களின் பொழுதுபோக்காகவே எங்களுக்குத் தோன்றியது.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த என் மகள், தனது பன்னிரண்டாம் வயதில், 2013-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், துறைமுக நீரில் சிறுவர்களுக்குப் படகோட்டப் பயிற்றுவிக்கிறார்கள் என்ற செய்தியை என் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து அறிந்துகொண்டாள். போகவேண்டுமென்று அடம் பிடித்தாள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், மிதவை அங்கி அணியவேண்டும், காவற்படகு எந்நேரமும் உடன் வரும் என்றெல்லாம் கேட்டறிந்தபின் நான் இசைந்தேன். தாயாரிடம் கூற எனக்குத் துணிவில்லை. மகளே கூறிவிட்டாள். தாயார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சிறுவர்கள் ஓட்டும் படகுக்கு ‘ஆப்டிமிஸ்ட்’ என்று பெயர். 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் ஏழைச் சிறுவர்களும் எளிதில் செய்துகொள்ளும் வகையில் ஒட்டுப்பலகையைக் கொண்டு இதனை வடிவமைத்தார். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், வெற்றுக்கூட்டின் எடை 35 கிலோ. முன்புறம் கூராக இராமல் மழுங்கி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியைப்போல் காணப்படும். ஒரே பாய், ஒரு சுக்கான், பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுவில் செருகும் ஒரு பலகை, அவ்வளவே. பதினைந்து வயதுவரை உள்ளவர்கள் தனியொருவராய் ஓட்டுவார்கள்.

பயிற்சி முடிந்து, மறு ஆண்டு பொங்கல் கழிந்ததும் ஞாயிறுதோறும் பந்தயங்கள் தொடங்கின. காலைப் பூசை கண்டு, உணவருந்தி, நண்பகலுக்குள் நாங்கள் துறைமுகம் சேர்ந்துவிடுவோம். உச்சிவேளை கழியுமட்டும் நீர் எண்ணெய்போல் அசைவற்றிருக்கும். பிறகு கடற்காற்று மெல்ல எழும்பும். முதலில் நீரின்மேல் கருநிறமாய் ஒரு சிலிர்ப்பு. பின்னர் ஒன்பது பாய்களும் ஒருங்கே நிமிரும். அந்தக் காட்சிக்காகவே நான் வெயிலில் நின்றதுண்டு.

பந்தயத்தின் தொடக்கமே ஒரு கலை. ஓட்டப்பந்தயத்தில்போல் கோட்டில் நின்று புறப்பட இயலாது. படகு நீரில் நில்லாது. ஐந்து நிமிடங்களுக்குமுன் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடங்களிருக்கையில் ஆயத்தக் கொடி. ஒரு நிமிடமிருக்கையில் அது இறங்கும். அதுவரை படகுகள் கோட்டிற்குப் பின்னால் சுற்றித் திரிந்து, மணித்துளி பார்த்து, கொடி விழும் கணத்தில் கோட்டைத் தொடவேண்டும். முந்திக்கொண்டவர் திரும்பி வந்து மீண்டும் புறப்படவேண்டும். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் படகும் செல்லாது. ஆகவே முதல் மிதவைக்கு இடமும் வலமுமாக வளைந்து வளைந்தே ஏறவேண்டும். வலப்புறத்திலிருந்து காற்று வாங்கிவரும் படகிற்கு, இடப்புறத்திலிருந்து வாங்கிவரும் படகு வழிவிட வேண்டும். இவ்விதிகளை வீட்டில் தீப்பெட்டிகளை அடுக்கிவைத்து மகள் எனக்குக் கற்பித்தாள். திண்ணையிலிருந்த தாயார் கேளாதவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் தம்மையறியாமலே, “கண்ணு, உங்க தாத்தாவும் மரத்தோட ஓரத்துல ஒரு பலகையைச் செருகுவாரு, இல்லாட்டி மரம் ஒருச்சாய்ஞ்சு போயிடும்” என்றார். பல ஆண்டுகளுக்குப்பின் அவர் வாயிலிருந்து வந்த முதற் கடற்செய்தி அது.

நான் கணக்கனல்லவா? ஒரு குறிப்பேடு வாங்கினேன். இப்பந்தயத்தில் முதலிடத்திற்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்திற்கு இரண்டு. இறுதியில் குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். எட்டுப் பந்தயங்களில் மிக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். ஒன்பது பிள்ளைகளின் புள்ளிகளையும் கோடிட்டு எழுதி, கூட்டியும் கழித்தும் பார்ப்பேன். தொடக்கத்தில் மகள் கவிழாமல் திரும்பினால் போதும் என்று செபித்தவன், நான்காம் பந்தயத்தில் அவள் இரண்டாவதாய் வந்ததும் வேறொருவனாகிவிட்டேன். பிற பிள்ளைகளின் படகு கவிழ்ந்தால் என் உள்ளத்தின் ஒரு மூலை மகிழ்ந்தது. இதனை எழுத வெட்கப்படுகிறேன். எனினும் உண்மை அதுவே.

ஏழு பந்தயங்கள் முடிந்தபோது முதலிரு இடங்களும் உறுதியாகியிருந்தன. மூன்றாமிடத்திற்கு என் மகளும் வேறொரு சிறுவனும் சமப்புள்ளியில் நின்றனர். கோப்பைகள் மூன்றே. எட்டாம் பந்தயத்தில் இருவரில் எவர் முந்துகிறாரோ அவருக்குக் கோப்பை. முந்தின இரவு எனக்கு உறக்கமில்லை. மகள் நன்றாக உறங்கினாள்.

அன்று காற்று பலமாயிருந்தது. காவற்படகில் எனக்கும் ஓர் இடம் தந்திருந்தார்கள். என் வாழ்வில் முதன்முறையாக நான் கடல்மீதிருந்தேன். அச்சத்தையும் மறந்து மகளையே நோக்கினேன். அவள் உடலைப் படகிற்கு வெளியே சாய்த்து, பாய்க்கயிற்றை இறுகப் பற்றி, கடைசி மிதவையை மூன்றாவதாக நெருங்கினாள். அச்சிறுவன் அவளுக்கு இரண்டு படகுகள் பின்னால். அவள் மிதவையைச் சுற்றினாள். என் மனக்கண்ணில் கோப்பை மின்னியது.

திடீரென அவள் படகு வழியைவிட்டு விலகியது. ஒதுங்கிச் சென்று, தன்னைத்தானே ஒரு முழு வட்டம் சுற்றியது. பாய் படபடத்தது, படகு தடுமாறியது. அதற்குள் இரு படகுகள் அவளைக் கடந்துவிட்டன, இரண்டாவது அச்சிறுவனுடையது. மகள் ஐந்தாவதாக முடித்தாள்.

மிதவையைத் தொட்டவர் ஒதுங்கி ஒரு முழுச்சுற்றுச் சுற்றவேண்டும் என்பது விதி. ஆனால் அவள் தொட்டதை எவரும் காணவில்லை. காவற்படகில் இருந்த மூவரும் காணவில்லை. பின்னால் வந்த பிள்ளைகளும் முறையிடவில்லை. கரையேறியதும், “யாருமே பாக்கலையே, எதுக்குச் சுத்தினே?” என்று சீறினேன். அவள் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே, “மிதவை ஆடிச்சே, அப்பா” என்றாள். அதற்குமேல் விளக்கம் வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. நானோ வீடு சேருமட்டும் அவளோடு பேசவில்லை.

பயிற்றுநர் பின்னர் எனக்குக் கூறினார்: “சார், இந்த விளையாட்டுல ஒவ்வொரு படகுக்கும் பின்னால நடுவரை அனுப்ப முடியாது. தப்பு செஞ்சவங்களே தண்டனையை எடுத்துக்கணும். அதுதான் அடிப்படை.” விதிநூலின் முதல் விதியே, ஆபத்திலிருப்போர்க்கு இயன்ற உதவி யாவும் செய்யவேண்டும் என்பதாம். 1988-ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் பூசான் நகர்க் கடலில் நடந்தன. இரண்டாமிடத்தில் சென்றுகொண்டிருந்த கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ, மற்றொரு பந்தயத்தில் கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர் இருவரைக் கண்டு தன் வழியைவிட்டு விலகிச் சென்று காத்தார். நடுவர்கள் அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாமிடத்தையே வழங்கினர். ஆயினும் இறுதியில் பதக்கம் கிட்டவில்லை. அவருடைய பண்பிற்காகப் பியேர் தெ குபெர்த்தேன் பதக்கம் அளிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நான் பின்னாளில் அறிந்தேன்.

அன்றிரவோ எனக்குப் புத்தி புகட்டியவர் என் தாயார். நடந்ததை நான் கசப்போடு கூறக் கேட்டவர், நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர் சொன்னார்: “ஏம்பா, உனக்குத் தெரியாது, நீ அப்ப கைக்குழந்தை. ஒருநாள் ராத்திரி இருட்டுல உங்கப்பா மரம் இன்னொருத்தர் வலைமேல ஏறி அறுத்துடுச்சு. ஒருத்தரும் பாக்கலை. விடியறதுக்குள்ள அவரு அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு, ‘உன் வலையை அறுத்தது நான்தான்’னு சொல்லி, அன்னிக்குப் பட்ட மீனையெல்லாம் கொடுத்துட்டு வந்தாரு. அன்னிக்கு நம்ம வீட்ல உலை வைக்கலை. நான் சண்டை போட்டேன், இப்ப நீ போடற மாதிரியே.” சற்று நிறுத்தி, “கடலை மட்டுந்தான் வேணாம்னு சொன்னேன், அவரை வேணாம்னு சொல்லலை” என்றார்.

உறங்கிக்கொண்டிருந்த மகளின் அருகே சென்று அமர்ந்தேன். காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தந்தை பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் அதுவே முதன்முறை. அவள் நாணி, “பரவாயில்லைப்பா, அடுத்த தடவை மிதவைக்குக் கொஞ்சம் தள்ளியே சுத்தறேன்” என்றாள்.

அடுத்த பருவத்தின் முதல் ஞாயிறன்று தாயார் வெள்ளைச் சேலை உடுத்தி, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, “நானும் வரேன்” என்றார். கரையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். காற்று எழுமுன்னரே, “கொண்டல் வரப்போவுது, பாயைச் சரியாக் கட்டச் சொல்லு” என்று எனக்கு ஆணையிட்டார். சொல்லியவண்ணமே காற்று வந்தது. அன்று மகள் ஆறாவதாக வந்தாள். தாயார் அதனைப் பொருட்படுத்தவே இல்லை. “கை அவரு கையேதான்” என்று மட்டும் கூறினார்.

2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிற்கு, பாய்மரப் படகுப் போட்டியில் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாகச் சென்னையின் நேத்ரா குமணன் சென்றபோது, எங்கள் இல்லத்தில் அனைவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். தாயார் அப்போது எங்களோடில்லை. மகள் படிப்பு மிகுந்ததும் பந்தயங்களை விட்டுவிட்டாள். அவள் ஒரு கோப்பையும் வென்றதில்லை.

அந்தக் குறிப்பேடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. எட்டாம் பந்தயத்திற்குரிய கட்டத்தில் ‘5’ என்று எழுதியிருக்கிறேன். கோபத்தில் அழுத்தி எழுதியதால் தாள் சற்றுக் கிழிந்திருக்கிறது. கணக்கனாய் முப்பத்தைந்தாண்டுகள் எத்தனையோ எண்களை எழுதினேன். எவரும் காணமாட்டார் என்ற துணிவில் எதையேனும் செய்யத் தோன்றும்போதெல்லாம் நான் எடுத்துப் பார்ப்பது அந்த ஓர் எண்ணைத்தான்.